கேம் பாதியில் மூடிக்கொள்கிறதா? கார்டைக் கழற்றும் முன் இதைப் பாருங்கள்

கணினிப் பழுது: வாசகர் கேள்வி பதில்

கேம் திறக்கிறது, கொஞ்ச நேரம் ஓடுகிறது, எதுவும் சொல்லாமல் மூடிக்கொள்கிறது. கடந்த சில வாரங்களாக வரும் கடிதங்களில் இந்தப் புகார்தான் திரும்பத் திரும்ப வருகிறது. அதனால் பிரிண்டர், வைஃபை கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்த முறை இடம் முழுவதையும் இதற்கே கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: மகனுக்காகச் சென்ற வருடம் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வாங்கினோம். அதில் ஒரு கார் ரேஸ் கேம் மட்டும் பத்து நிமிடத்தில் தானாக மூடிக்கொள்கிறது. மற்ற கேம்கள் ஓடுகின்றன. சர்வீஸ் கடையில் ஃபார்மட் செய்து விண்டோஸை மாற்றிப் போட்டார்கள். ஒரு வாரம் நன்றாக இருந்தது, மறுபடி அதே கதை. இப்போது கிராஃபிக்ஸ் கார்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. மாற்றத்தான் வேண்டுமா?
ஒரு தந்தை, ஈரோடு

பதில்: மாற்ற வேண்டாம் சார். கீழே சொல்வதைச் செய்து பார்க்கும் வரைக்குமாவது அந்தக் கார்டில் யாரும் கை வைக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. ஃபார்மட் செய்தபின் ஒரு வாரம் நன்றாக ஓடியது என்கிறீர்கள். கெட்டுப்போன கார்டு ஃபார்மட் செய்ததும் ஒரு வாரத்துக்குக் குணமாகிவிடாது. அந்த ஒரு வாரத்தில் என்னென்ன இன்ஸ்டால் செய்தார் என்று மகனிடம் கேளுங்கள். முதல் நாள் கேமை இறக்கியிருப்பார். அப்புறம் நண்பர்களோடு பேச டிஸ்கார்ட். அப்புறம் திரையின் மூலையில் ஃப்ரேம் எண்ணிக்கையும் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) கார்டின் சூடும் காட்டுகிற ஒரு மென்பொருள், அப்படியே கார்டு நிறுவனத்தின் ஆப். ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து பழைய நிலைமை திரும்பியதும் பழைய கோளாறும் கூடவே திரும்பியிருக்கும் என்பது என் ஊகம். மற்ற கேம்கள் ஒழுங்காக ஓடுவதும் கார்டுக்குச் சாதகமான சாட்சிதான்.

கேமின் படத்துக்கு மேலே தன் எழுத்தையோ பட்டனையோ காட்டும் இந்த வகை மென்பொருளை ஓவர்லே என்பார்கள். கேம் விற்கும் ஸ்டீமில் ஷிஃப்ட்டையும் டேபையும் சேர்த்து அழுத்தினால் விரியும் திரை ஓர் ஓவர்லே. என்விடியா கார்டில் ஆல்ட் இசட், ஏஎம்டி கார்டில் ஆல்ட் ஆர், விண்டோஸின் கேம் பாருக்கு விண்டோஸ் பட்டனோடு ஜி. யார் பேசுகிறார்கள் என்று டிஸ்கார்ட் ஓரத்தில் பெயர் காட்டுவதும், எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரோடு வரும் ரிவாட்யூனர் காட்டும் எண்களும் இதே வகைதான். யூபிசாஃப்ட் கனெக்ட், ஈஏ ஆப், எபிக் என்று கேம் விற்கும் ஒவ்வொரு கடைக்கும் தனி ஓவர்லே உண்டு. யூபிசாஃப்ட் கேமை ஸ்டீமில் வாங்கினால் இரண்டு கடைகளின் ஓவர்லேயும் ஒரே கேமின் மேல் ஏறிக்கொள்ளும்.

இவை எப்படி உள்ளே வருகின்றன என்று தெரிந்துகொண்டால், ஏன் கேம் விழுகிறது என்பதும் புரிந்துவிடும். ஒவ்வொரு படத்தையும் வரைந்து முடித்ததும், இதைத் திரையில் காட்டு என்று கேம் ஒரு கட்டளை கொடுக்கும். கார்டிடம் படம் வரையச் சொல்லக் கேம்கள் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்டின் டைரக்ட்எக்ஸில் அந்தக் கட்டளையின் பெயர் பிரசென்ட். நொடிக்கு 60 படம் ஓடினால் நொடிக்கு 60 தடவை பிரசென்ட். வழக்கமான ஓவர்லே, தன்னுடைய டிஎல்எல் கோப்பு (ப்ரோகிராம்கள் ஓடும்போது ஏற்றிக்கொள்ளும் துணைக் கோப்பு) ஒன்றைக் கேமுக்குள்ளேயே ஏற்றி, நினைவகத்தில் பிரசென்ட் தொடங்கும் இடத்தின் முதல் சில பைட்டுகளை மாற்றி, முதலில் என்னிடம் வா என்று எழுதிவைத்துவிடும். கட்டளை வரும்போதெல்லாம் தன் எண்களை வரைந்துவிட்டு, பிறகு உண்மையான பிரசென்ட்டுக்கு அனுப்பிவைக்கும். இத்தனையும் கேமை எழுதியவருக்குத் தெரியாமலே நடக்கிறது.

ஓர் ஓவர்லே மட்டும் இருந்தால் பெரும்பாலும் வம்பில்லை. மூன்று நான்கு சேரும்போதுதான் ஒன்றோடொன்று மோதும். ஒருவர் ஒட்டிய போஸ்டர் மேல் இன்னொருவர் ஒட்டியிருக்கும்போது, முதல் ஆள் வந்து தன்னுடையதைக் கிழித்தால் மேலே இருப்பதும் சேர்ந்து கிழியுமே, அந்த மாதிரி. முதலில் நுழைந்த ஓவர்லே தன் வேலை முடிந்ததென்று வெளியேறுகிறது. அதன் மேல் ஏறி உட்கார்ந்த இரண்டாவது ஓவர்லேக்கு அது தெரியாது. வழக்கம்போல முதலாவதைக் கூப்பிடும். அந்த முகவரியில் இப்போது எதுவும் இல்லை. அந்த நொடியில் கேம் மூடிக்கொள்ளும்.

புதிய கேம்களில் இது இன்னும் சிக்கல். டைரக்ட்எக்ஸ் 11 வரைக்கும் எந்த வேலை முதலில் முடிய வேண்டும், எந்த நினைவகம் யார் கையில் இருக்கிறது என்பதையெல்லாம் பெரும்பாலும் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளே பார்த்துக்கொண்டது. டைரக்ட்எக்ஸ் 12-லும், அதே வேலையைச் செய்யும் வல்கனிலும் அந்தப் பொறுப்பு கேமிடம் வந்துவிட்டது. டைரக்ட்எக்ஸ் 12 கேமில் நுழையும் ஓவர்லே, கேம் எந்தக் கட்டளை வரிசையில் வேலை கொடுக்கிறது என்பதைத் தானே தேடிப் பிடித்து, அந்த ஒழுங்கு கெடாமல் தன் எண்களை வரைந்துவிட்டு வர வேண்டும். அதில் ஓரிடம் தப்பினாலும் கேம் விழும். உங்கள் மகனின் கேமில் 11, 12 இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் 11-க்கு மாற்றி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, இப்போது வேலைக்கு வருவோம். கேம் மூடிக்கொண்ட நேரத்தை மகன் குறித்துவைக்கட்டும். ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவர் என்று தட்டித் திறங்கள். விண்டோஸ் தன் பிழைகளை எழுதிவைக்கும் குறிப்பேடுகளை, அதாவது லாக்குகளை, காட்டும் ஜன்னல் அது. இடது பக்கம் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன். அந்த நேரத்துக்கு நேராகச் சிவப்பு அடையாளத்தோடு அப்ளிகேஷன் எரர் என்று ஒரு வரி இருக்கும், ஈவென்ட் ஐடி 1000. அதைத் திறந்தால் ஃபால்ட்டிங் அப்ளிகேஷன் என்ற இடத்தில் கேமின் பெயர் இருக்கும். அதற்கு அடுத்து ஃபால்ட்டிங் மாட்யூல் என்று ஒரு கோப்பின் பெயர். இந்த இரண்டாவது பெயரைத்தான் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். கேம்ஓவர்லேரெண்டரர்64 என்றிருந்தால் அது ஸ்டீமுடையது. டிஸ்கார்ட்ஹுக்64 டிஸ்கார்டுடையது. ஆர்டிஎஸ்எஸ்ஹுக்ஸ்64 ரிவாட்யூனருடையது. இந்த ஜன்னல் குழப்பமாக இருந்தால், ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று தட்டுங்கள். நாள்வாரியாகக் கட்டம் போட்ட பக்கம் ஒன்று வரும். சிவப்புப் பெருக்கல் குறி விழுந்த நாளைச் சொடுக்கினால் அதே விவரம் அங்கேயும் கிடைக்கும்.

பெயர் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அடுத்து எல்லா ஓவர்லேயையும் ஒரே தடவையில் நிறுத்துங்கள். ஸ்டீமில் செட்டிங்ஸ், இன் கேம் பகுதியில் முதலில் இருக்கும் ஓவர்லே சுவிட்ச். டிஸ்கார்டில் யூசர் செட்டிங்ஸுக்குள் கேம் ஓவர்லே. என்விடியா ஆப்பில் செட்டிங்ஸுக்குள் ஃபீச்சர்ஸ். ஏஎம்டி அட்ரினலினில் பல்சக்கரத்தை அழுத்தி ப்ரிஃபரன்ஸஸில் இன் கேம் ஓவர்லே. விண்டோஸ் செட்டிங்ஸில் கேமிங், கேம் பார். ரிவாட்யூனர் விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். ஆஃப்டர்பர்னரை மூடினால் ரிவாட்யூனர் மூடிவிடும் என்று நினைத்துப் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அது தனி மென்பொருள். கடிகாரத்துக்குப் பக்கத்தில், மேல்நோக்கிய சின்ன அம்புக்குள் ஒளிந்து ஓடிக்கொண்டிருக்கும். வலது கிளிக் செய்து அதைத் தனியாக மூட வேண்டும்.

இவ்வளவும் செய்துவிட்டு கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஓவர்லேயை நிறுத்தினால் போதாது, ஏற்கனவே உள்ளே ஏறிய டிஎல்எல் கேமை மூடும்வரை உள்ளேயே கிடக்கலாம். பிறகு வழக்கமாக விழும் அதே ரேஸ், அதே தடத்தில் நன்றாக ஓட்டிப் பார்க்கட்டும். விழவில்லை என்றால் ஒன்றை மட்டும் திரும்பப் போட்டு மறுபடி ஓட்ட வேண்டும். அப்புறம் அடுத்தது. எது வந்ததும் விழுகிறதோ அதுதான் ஆள். அதை நீக்கிவிடக்கூட வேண்டியதில்லை. ரிவாட்யூனராக இருந்தால் அதன் ஜன்னலில் ஆட் பட்டனை அழுத்தி, கேமின் இஎக்ஸ்இ கோப்பைக் காட்டி, அந்த ஒரு கேமுக்கு மட்டும் அப்ளிகேஷன் டிடெக்‌ஷன் லெவல் என்பதை நன் என்று வைத்துவிட்டால் போதும். மற்ற கேம்களில் எண்கள் வழக்கம்போல வரும். ஸ்டீமிலும் ஒவ்வொரு கேமின் ப்ராப்பர்ட்டீஸிலும் தனித்தனி ஓவர்லே சுவிட்ச் இருக்கிறது.

எல்லாவற்றையும் நிறுத்திய பின்னும் விழுந்தால் அப்போது கார்டைச் சந்தேகிக்கலாம். அதற்கும் அடையாளங்கள் உண்டு. கட்டளை கொடுத்து 2 நொடிக்குள் கார்டு பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் டிரைவரைத் தானே மீட்டெடுக்கப் பார்க்கும். திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பும். ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் டிஸ்ப்ளே டிரைவர் பதிலளிக்கவில்லை என்று 4101 எண்ணோடு ஒரு வரி விழும். கேம் எதுவாக இருந்தாலும் இது நடக்கிறது, திரையில் கலர் புள்ளிகளும் கோடுகளும் வருகின்றன என்றால் கார்டைக் கழற்றலாம். முழு கம்ப்யூட்டரும் அணைந்து திரும்ப எழுந்தால் நான் முதலில் பவர் சப்ளையைப் பார்ப்பேன். கேம் மட்டும் மூடி, டெஸ்க்டாப் அசையாமல் நிற்கிறதென்றால் அது மென்பொருள் சண்டையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளாமல் சொல்லிவிடுகிறேன். ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது. அதைக்கூடப் பார்க்காமல் ஒரு குடும்பத்தைக் கார்டு வாங்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எந்தக் கடைக்குப் போனாலும், லாகில் என்ன இருந்தது, காட்டுங்கள் என்று கேளுங்கள். பார்த்தவர் காட்டுவார்.

கேள்வி: நீங்கள் முன்பு ஒருமுறை எழுதியபடி ஈவென்ட் வியூவரைப் பார்த்தேன். ஃபால்ட்டிங் மாட்யூல் என்.டி.டிஎல்எல் என்று இருக்கிறது, எக்செப்ஷன் கோட் சி0000005 என்று முடிகிறது. ஹாஸ்டல் நண்பன் இது ரேம் போன அடையாளம் என்கிறான். உண்மையா?
கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: அந்த ஒரு வரியை வைத்து ரேமைக் குற்றம் சொல்ல முடியாது தம்பி. சி0000005 என்றால், தனக்கு உரிமையில்லாத நினைவக முகவரியை ப்ரோகிராம் தொட்டுவிட்டது என்று பொருள். ரேம் கெட்டாலும் அது வரும், ஓவர்லே குழப்பினாலும் வரும், கேமிலேயே பிழை இருந்தாலும் வரும். என்.டி.டிஎல்எல் விண்டோஸின் சொந்தக் கோப்பு. எல்லா ப்ரோகிராமும் அதன் வழியாகத்தான் போகிறது. ஓவர்லே ஓரிடத்தில் நினைவகத்தைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கும், கொஞ்சம் கழித்து என்.டி.டிஎல்எல் அந்த இடத்தைத் தொடும்போது கேம் விழும். லாகில் பதிவாவது விழுந்த இடம். தள்ளியவர் பெயர் அதில் இல்லாமலும் போகலாம்.

அப்படியானால் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று நேராகப் பார்த்துவிடலாம். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் என்ற கருவி இலவசமாகக் கிடைக்கிறது. மார்க் ரசினோவிச் எழுதியது. 2006-ல் அவருடைய நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கிய பிறகு அவர்கள் தளத்திலேயே வருகிறது. அதை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, கேமை ஓடவிட்டு, பட்டியலில் கேமின் பெயரைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் டி அழுத்து. கீழ்ப் பாதியில் கேமுக்குள் ஏறியிருக்கும் டிஎல்எல் எல்லாம் வரிசையாக வரும். கம்பெனி நேம் என்ற தலைப்பைச் சொடுக்கினால் நிறுவன வாரியாக அடுக்கிக் காட்டும். மைக்ரோசாஃப்ட், கேம் நிறுவனம், கார்டு நிறுவனம் மூன்றையும் தள்ளிவிட்டு மிச்சத்தைப் பார். கேமுக்குச் சம்பந்தமே இல்லாத பெயர்கள் அங்கே இருந்தால், அவைதான் முதலில் விசாரிக்க வேண்டிய ஆட்கள். ஏமாற்றுத் தடுப்பு (ஆட்டத்தில் மோசடி செய்பவர்களைப் பிடிக்கும் மென்பொருள்) உள்ள ஆன்லைன் கேம்களில் மட்டும் இதைத் திறக்காதே. அவை தங்களுக்குள் யாரையும் எட்டிப்பார்க்க விடுவதில்லை.

ரேம் சந்தேகம் தீர வேண்டுமானால் மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவில் போட்டு ஒரு ராத்திரி ஓடவிடு. ஒரு பிழை வந்தாலும் உன் நண்பன் சொன்னது சரி. ரேம் கெட்டிருந்தால் பிரவுசர், ஜிப் கோப்பு, வேறு கேம் என்று கண்ட இடத்தில் கண்ட பெயரோடு எரர் வரும். ஒரே கேம், ஒரே கட்டத்தில் விழுவது ரேமின் குணம் இல்லை.

கேள்வி: கேம் நன்றாக ஓடுகிறது. ஆனால் ஆல்ட் என்டர் அழுத்தி முழுத்திரையிலிருந்து ஜன்னலுக்கு மாறினாலோ, ரெசல்யூஷனை மாற்றினாலோ உடனே மூடிக்கொள்கிறது. வேறெப்போதும் இல்லை. ஏன்?
வாசகர், மதுரை

பதில்: எனக்கு மிகவும் பிடித்த வகைக் கோளாறு இது, காரணத்தை விரல் வைத்துக் காட்டிவிடலாம் என்பதால். திரையின் அளவு மாறும்போது, கேம் தான் வரைந்துகொண்டிருந்த பழைய படப் பரப்புகளை விட்டுவிட்டுப் புது அளவில் வேறு கேட்க வேண்டும். டைரக்ட்எக்ஸில் ரீசைஸ்பஃபர்ஸ் என்று அதற்கு ஒரு கட்டளை. அதற்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு: பழைய பரப்பை யாராவது ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தாலும் கட்டளை தோற்றுவிடும். கேம் தன் பிடியை ஒழுங்காக விட்டிருக்கும். மேலே எண் எழுதிக்கொண்டிருந்த ஓவர்லே விட மறந்திருக்கும். கட்டளை தோல்வி என்று திரும்பி வரும்போது பல கேம்களுக்கு என்ன செய்வதென்று தெரியாது, மூடிக்கொள்ளும்.

ஓவர்லேக்களை நிறுத்திவிட்டு ஆல்ட் என்டர் அழுத்திப் பாருங்கள். ஓவர்லேயும் வேண்டும், கேமும் விழக் கூடாது என்றால் கேமின் அமைப்பில் பார்டர்லெஸ் என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்து, ரெசல்யூஷனை ஒரே தடவை வைத்துவிட்டு மாற்றாமல் விடுங்கள்.

கேள்வி: ஸ்டீம், டிஸ்கார்ட், கேம் பார் எல்லாம் நிறுத்திவிட்டேன். ஃப்ரேம் காட்டும் மென்பொருள் என் லேப்டாப்பில் இல்லவே இல்லை. அப்படியும் கேம் விழுகிறது.
ஐடி ஊழியர், கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் போடாத ஓவர்லே, லேப்டாப் வாங்கும்போதே உள்ளே இருந்திருக்கலாம். அதிலும் யாரும் சந்தேகப்படாத ஒன்று ஒலி மென்பொருள். நஹிமிக் என்று ஒன்று பல கேமிங் லேப்டாப்களிலும் மதர்போர்டுகளிலும் சேர்ந்தே வருகிறது. ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஆப்புக்குக் கேமின் படத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அதில் சவுண்ட் டிராக்கர் என்று ஒரு வசதி உண்டு. எதிரியின் காலடி எந்தத் திசையிலிருந்து கேட்கிறது என்று திரையில் அம்புக்குறி போட்டுக் காட்டும். திரையில் வரைய வேண்டுமானால் கேமுக்குள் நுழைந்துதானே ஆக வேண்டும்? நஹிமிக்ஓஎஸ்டி என்று லாகில் பெயர் வருவது அதனால்தான். ஸ்டார்ட் மெனுவில் சர்வீசஸ் என்று தட்டி, பட்டியலில் நஹிமிக் சர்வீஸ் இருந்தால் அதை நிறுத்தி, ஸ்டார்ட்டப் டைப்பை டிஸேபிள்ட் என்று வையுங்கள். சத்தம் வழக்கம்போல வரும், சிறப்பு எஃபெக்ட்கள் மட்டும் இருக்காது. அப்படியே லேப்டாப் நிறுவனத்தின் கன்ட்ரோல் ஆப்பிலும் திரையில் எண் காட்டும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

விண்டோஸோடு எவை தொடங்க வேண்டும் என்று அமைக்கும் எம்எஸ்கான்ஃபிக்கைத் திறந்து மைக்ரோசாஃப்ட் அல்லாத சர்வீஸ் எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக நிறுத்தும் வழியையும் சிலர் சொல்வார்கள். நல்ல சோதனைதான். ஆனால் வாலரன்ட் விளையாடுபவராக இருந்தால் அந்தக் கேமின் ஏமாற்றுத் தடுப்பான வான்கார்ட் சர்வீஸும் அதில் சேர்ந்து நின்றுவிடும், அப்புறம் வாலரன்ட் திறக்காது. சோதனை முடிந்ததும் எல்லா டிக்கையும் திரும்பப் போட மறக்காதீர்கள்.

கேள்வி: மகள் ஏதோ ஒரு கேம் மென்பொருள் இறக்கினாள். இன்னொரு ப்ரோகிராமுக்குள் நுழையப் பார்க்கிறது என்று ஆன்டிவைரஸ் எச்சரிக்கிறது. ஓவர்லே என்று ஏதோ சொல்கிறாள். இது வைரஸா? பேங்க் பாஸ்வேர்டெல்லாம் இதே கம்ப்யூட்டரில்தான் போடுகிறோம்.
ஒரு தாய், திருச்சி

பதில்: பயப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறதம்மா, ஆனால் அது மகள் சொன்ன காரணம் இல்லை. ஓவர்லே கேமுக்குள் நுழையும் விதமும், கேமில் குறுக்கு வழியில் ஜெயிக்க உதவும் ஏமாற்று மென்பொருளும் சில வைரஸ்களும் நுழையும் விதமும் தொழில்நுட்பத்தில் ஒன்றேதான். ஆன்டிவைரஸ் எச்சரிப்பது நியாயம். ஸ்டீம், டிஸ்கார்ட், கார்டு நிறுவனங்கள் தருபவை டிஜிட்டல் கையொப்பம் இட்டவை, அவற்றை நம்பலாம்.

எங்கிருந்து இறக்கினாள் என்பதுதான் கேள்வி. ஆஃப்டர்பர்னரின் பெயரில் போலித் தளங்கள் நிறைய உண்டு. தங்கள் தளத்தைப் போலவே ஒன்றை அமைத்து யாரோ தீய மென்பொருளைப் பரப்புகிறார்கள் என்று 2021 மே மாதத்தில் எம்எஸ்ஐ நிறுவனமே எச்சரிக்கை வெளியிட்டது. தேடலில் முதலில் வரும் விளம்பரத்தைச் சொடுக்கி இறக்கியிருந்தால் உடனே நீக்கிவிட்டு, முழு ஸ்கேன் ஓட்டுங்கள். பேங்க் பாஸ்வேர்டை இந்தக் கம்ப்யூட்டரில் மாற்ற வேண்டாம், உங்கள் போனிலிருந்து மாற்றுங்கள். கோப்பைச் சோதிக்க ஒரு வழி: அதன்மேல் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போனால் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்ற பக்கம் இருக்க வேண்டும், அதில் நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டும். அந்தப் பக்கமே இல்லையென்றால் திறக்க வேண்டாம். மகளைத் திட்டாதீர்கள். அந்தப் போலித் தளங்களைப் பார்த்தால் பெரியவர்களே ஏமாறுவார்கள்.

கேள்வி: கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 ஆடுவதை ஓபிஎஸ்ஸில் பதிவு செய்து யூட்யூபில் போட நினைக்கிறேன். கேம் கேப்சர் வைத்தால் திரை கறுப்பாகவே இருக்கிறது. மற்ற கேம்களில் வருகிறது.
வாசகர், திருப்பூர்

பதில்: ஓபிஎஸ்ஸின் கேம் கேப்சரும் ஓவர்லேயைப் போலவே கேமுக்குள் நுழைந்துதான் படத்தை எடுக்கிறது. இந்தக் கேமைத் தயாரிக்கும் வால்வ் நிறுவனம் 2020 ஜூலையில் அப்போதைய கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் டிரஸ்டட் மோடு என்று ஒன்றைக் கொண்டுவந்து, வெளி டிஎல்எல்கள் உள்ளே வருவதற்குக் கட்டுப்பாடு போட்டது. 2023 செப்டம்பரில் வெளிவந்த கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-லும் அது தொடர்கிறது. வெளி மென்பொருளை அனுமதி என்று ஸ்டீமில் லான்ச் ஆப்ஷன் கொடுத்து அந்தக் கதவைத் திறக்கச் சொல்லிச் சிலர் வீடியோ போடுகிறார்கள். நான் அதைச் சொல்ல மாட்டேன். நேர்மையாக ஆடுகிறவர் தன் கணக்கைச் சந்தேகப் பட்டியலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தத் தேவையில்லை.

ஓபிஎஸ்ஸில் கேம் கேப்சருக்குப் பதில் விண்டோ கேப்சரைச் சேருங்கள். கேப்சர் மெதட் என்ற இடத்தில் விண்டோஸ் 10 என்று தொடங்குவதைத் தேர்ந்தெடுங்கள். கேமைத் தொடாமல் விண்டோஸிடமிருந்தே அந்த ஜன்னலின் படத்தை வாங்கிக்கொள்ளும் வழி அது. கேமை முழுத்திரை ஜன்னல் முறையில் ஓட்டுங்கள்.

கேள்வி: என்விடியா ஆப் போட்டால் கேமின் வேகம் குறையும் என்கிறார்களே?
மாணவர், வேலூர்

பதில்: 2024 டிசம்பரில் அப்படி ஒரு பிரச்சினை வெளிவந்தது உண்மை. சில கேம்களில் 15 சதவீதம் வரைக்கும் வேகம் குறைவதைச் சோதித்தவர்கள் காட்டினார்கள். ஓவர்லேயில் இருக்கும் கேம் ஃபில்டர்ஸ், போட்டோ மோடு வசதிதான் காரணம், அதை அணைத்துவையுங்கள் என்று என்விடியாவே சொன்னது. செட்டிங்ஸ், ஃபீச்சர்ஸ், ஓவர்லே என்று போய் அந்த ஒன்றை மட்டும் அணைத்தால் போதும். ஆப்பை நீக்க வேண்டாம்.

கேள்வி: எந்த ஓவர்லேயும் வேண்டாம் என்றால் ஃப்ரேம் எண்ணிக்கையை எப்படித்தான் பார்ப்பது? செட்டிங்கை மாற்றினால் வேகம் கூடியதா என்று தெரிய வேண்டாமா?
வாசகர், சேலம்

பதில்: தெரியத்தான் வேண்டும். எண்ணைப் பார்த்துச் செட்டிங் வைக்கிற பழக்கத்தை நான் பாராட்டுகிறேன். முதலில் கேமின் அமைப்பில் தேடுங்கள், இப்போது பல கேம்கள் தாமே ஃப்ரேம் எண்ணிக்கை காட்டுகின்றன. இல்லையென்றால் விண்டோஸ் கேம் பாரின் பெர்ஃபார்மன்ஸ் கட்டம். அது தனி ஜன்னலாக மேலே நிற்கிறது, கேமின் பிரசென்ட்டில் கை வைப்பதில்லை.

விரிவாக அளக்க வேண்டுமானால் இன்டெல் இலவசமாகத் தரும் பிரசென்ட்மானை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நிறுவனத்தின் கார்டாக இருந்தாலும் வேலை செய்யும். ஒவ்வொரு படமும் எப்போது திரைக்குப் போனது என்று விண்டோஸ் தனக்குள் பதிந்துவைக்கும் குறிப்புகளைப் படித்தே அது கணக்குப் போடுகிறது. சராசரி ஃப்ரேம் எண்ணிக்கையோடு நிறுத்திவிடாமல், மிக மெதுவாக வந்த 1 சதவீதப் படங்களின் கணக்கையும் பாருங்கள். சராசரி 90 காட்டியும் கேம் திக்கித் திக்கி ஓடுகிறதென்றால் காரணம் அந்த 1 சதவீதத்தில் இருக்கும். கேமை எஸ்எஸ்டிக்கு மாற்றுவதா, டெக்ஸ்சர் அளவைக் குறைப்பதா என்பதை அதை வைத்து முடிவு செய்யுங்கள்.